உளவாளிப் படங்களை நம் பிள்ளைகள் பார்க்கலாமா? பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளின் கோரிக்கைப் பட்டியலில் ஏதாவதொரு அதிரடிப் படம் நிச்சயம் இருக்கும். நண்பர்கள் பார்த்துவிட்டார்கள், சித்தப்பா பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள், "நான் மட்டும்தான் பார்க்கல" என்று தொடங்குவார்கள். அதிலும் உளவாளிப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். வேகமான கார், முகமூடி, ரகசியக் கருவி, வானளாவிய கட்டடத்தில் தொங்கும் நாயகன் என்று பிள்ளைகளை இழுக்கும் எல்லாமும் அதில் உண்டு.

சினிமாவே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. அந்த முடிவை நாம் மதிக்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் காட்சிகள் கைப்பேசித் துணுக்குகளாகவும் விளையாட்டுகளாகவும் பள்ளிப் பேச்சாகவும் வந்து சேர்கின்றன. எனவே எந்தப் படம் எந்த வயதுக்கு ஏற்றது, எதை வைத்து அதை முடிவு செய்வது என்பதைத் தெரிந்துகொள்வது எல்லாப் பெற்றோருக்கும் பயன்தரும்.

இதை எழுத நம்மைத் தூண்டியது ஒரு சிறுவனின் கேள்வி. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு முந்தைய இரவு, பெரியவர்கள் வேலையில் மூழ்கியிருந்தபோது, பிள்ளைகள் எல்லோரும் ஓர் அறையில் அமர்ந்து ஓர் உளவாளிப் படத்தைப் பார்த்து முடித்துவிட்டார்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மறுநாள் தன் தந்தையிடம் கேட்டான்: "அத்தா, அந்தக் கெட்டவங்க ஏன் நம்மள மாதிரியே தொழுறாங்க?" இரத்தத்தையும் துப்பாக்கியையும் பற்றி அவன் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் மனத்தில் தங்கியது இது மட்டும்தான். தணிக்கைச் சான்றிதழ் எதுவும் அந்தத் தந்தையை இந்தக் கேள்விக்குத் தயார்படுத்தியிருக்காது.

சான்றிதழ் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் படங்களைத் தரம் பிரிக்கிறது. அனைவருக்குமானது 'யு', பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்க வேண்டியது 'யு/ஏ', 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமானது 'ஏ'. 'யு/ஏ' பிரிவு 1983இல்தான் வந்தது. 2023இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் இந்தப் பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது.

இங்கே பல பெற்றோர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்துக்குத்தான் 18 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிக்கக் கூடாது. 'யு/ஏ' என்பது தடை அல்ல, பெற்றோருக்கான எச்சரிக்கை. 'யு/ஏ 13+' படத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையை நாம் அழைத்துச் சென்றால், முடிவு நம்முடையது, பொறுப்பும் நம்முடையது.

அமெரிக்காவில் 'பிஜி-13' என்ற பிரிவு 1984 ஜூலையில் உருவானது. அந்த ஆண்டு வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்', 'கிரெம்லின்ஸ்' ஆகிய இரு படங்களும் 'பிஜி' என்ற மென்மையான சான்றிதழுடன் வந்து, அவற்றில் இருந்த கொடூரக் காட்சிகளால் பெற்றோரின் எதிர்ப்பைச் சந்தித்தன. அதன் விளைவாகத்தான் நடுவில் ஒரு படி சேர்க்கப்பட்டது. இன்று பெரிய உளவாளிப் படங்களில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் நிற்கின்றன. 'மிஷன் இம்பாசிபிள்' வரிசைப் படங்கள் அனைத்தும் 'பிஜி-13' பெற்றவையே. 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சில பகுதிகள் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிப்பதே அதன் பொருள்.

பிரிட்டனில் 2002 முதல் '12ஏ' என்ற பிரிவு திரையரங்குகளில் உள்ளது. 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவருடன் வந்தால் பார்க்கலாம். 2006இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'கேசினோ ராயல்' இந்தப் பிரிவைப் பெறுவதற்காக, அதிலுள்ள சித்திரவதைக் காட்சி அங்கே குறைக்கப்பட்டது. குறைத்த பிறகும் அது ஒரு மனிதனைக் கட்டிவைத்துத் துன்புறுத்தும் காட்சிதான்.

இணையவழித் தளங்களுக்கு இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும். யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று அவை வகைப்படுத்த வேண்டும். 13+ அல்லது அதற்கு மேற்பட்ட படைப்புகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். அந்தப் பூட்டு நிறுவனத்தின் பக்கம் தயாராக இருக்கிறது. அதை நம் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டிருக்கிறோமா என்பதுதான் கேள்வி. பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கு திறந்து, பெரியவர்களின் கணக்குக்குக் கடவு எண் வைக்கச் சில நிமிடங்களே ஆகும். அந்த எண் பிள்ளையின் பிறந்த ஆண்டாக இருக்க வேண்டாம்!

சான்றிதழ் எதைச் சொல்வதில்லை?

தரம் பிரிப்பவர்கள் பெரும்பாலும் இரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை, போதைப்பொருள் ஆகியவற்றைக் கவனிக்கிறார்கள். இது தேவையான வேலைதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரத்தத்தைக் காட்டாமல் எத்தனை பேரைக் கொன்றாலும் படம் குறைந்த வயதுப் பிரிவுக்குள் நுழைந்துவிட முடிகிறது. நாயகன் சுடுகிறான், காவலாளி சரிகிறான், காட்சி நகர்ந்துவிடுகிறது. அந்தக் காவலாளிக்கு வீடு உண்டா, பிள்ளை உண்டா என்று யாரும் யோசிப்பதில்லை. காயமும் இல்லை, கண்ணீரும் இல்லை.

இரத்தம் தெறிக்கும் காட்சியைப் பார்த்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பயப்படும். இரத்தமில்லாத கொலையைப் பார்த்த பிள்ளை கைதட்டும். பயம் சில நாள்களில் போய்விடலாம். ஓர் உயிர் போவது ஒன்றுமில்லை என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் போகாது. இந்த இரண்டாவது வகை பாதிப்பைச் சான்றிதழ் அளப்பதில்லை.

சான்றிதழை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு 2011இல் வந்த 'கார்ஸ் 2' நல்ல எடுத்துக்காட்டு. பேசும் கார்களைக் கொண்ட இந்த அனிமேஷன் படம் அமெரிக்காவில் அனைவருக்குமான 'ஜி' சான்றிதழ் பெற்றது. ஆனால் அதன் கதை உளவாளிக் கதை. பிடிபட்ட ஓர் உளவாளிக் காரை எதிரிகள் விசாரித்து, அதன் இயந்திரத்தை வெடிக்கச் செய்து கொல்கிறார்கள். கார் என்பதால் இரத்தம் இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கார் ஓர் ஆள்தான்.

நேர்மாறான எடுத்துக்காட்டு 'கிங்ஸ்மேன்: த சீக்ரெட் சர்வீஸ்'. வண்ணமயமான சுவரொட்டி, கோட்டு அணிந்த இளைஞன், வேடிக்கையான கருவிகள். பிள்ளைகள் படம் போலவே தோன்றும். அமெரிக்காவில் அதற்குக் கிடைத்தது 'ஆர்' சான்றிதழ், பிரிட்டனில் 15. ஒரு தேவாலயத்துக்குள் நடக்கும் கூட்டுக் கொலையை நடனம் போலப் படமாக்கியிருக்கிறார்கள். சுவரொட்டியை மட்டும் பார்த்துவிட்டு "சின்னப் பையன் கதைதானே" என்று போட்டுவிடக் கூடாது.

படத்தைப் பார்க்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. யார் சாகிறார்கள், அந்த மரணத்துக்கு யாராவது வருந்துகிறார்களா? கொலை நகைச்சுவையாகக் காட்டப்பட்டால் கூடுதல் கவனம் தேவை.

2. சித்திரவதை இருக்கிறதா? அதைச் செய்பவர் யார்? வில்லன் செய்தால் பிள்ளைக்கு அது தவறு என்று புரியும். நாயகனே உண்மையை வரவழைக்க ஒருவரைத் துன்புறுத்தி, அது பலனும் தந்தால், "நல்லவன் செய்தால் சரி" என்ற பாடம்தான் மிஞ்சும்.

3. பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள்? உளவாளிப் படங்களில் நெடுங்காலமாகவே பெண் ஓர் அலங்காரமாகவோ, தகவல் பெறுவதற்கான கருவியாகவோ பயன்படுத்தப்படுகிறாள். இதைப் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்காகவே அதிகம் கவனிக்க வேண்டும்.

4. மது, சூதாட்டம், புகை ஆகியவை நாயகனின் மிடுக்குக்கு அடையாளமாக வருகின்றனவா? ஜேம்ஸ் பாண்டின் கையில் கோப்பை இருப்பது தற்செயல் அல்ல. அது அந்தப் பாத்திரத்தின் முத்திரை.

5. பொய்யும் ஆள்மாறாட்டமும் ஒட்டுக்கேட்பும் எப்படிக் கையாளப்படுகின்றன? உளவாளியின் தொழிலே அதுதான். ஆனால் பிள்ளை வீட்டில் அக்காவின் கைப்பேசியைத் திறந்து பார்த்துவிட்டு "நான் ஸ்பை" என்று சிரிக்கும்போது நாம் பேச வேண்டியிருக்கும். பிறருடைய விஷயங்களைத் துருவிப் பார்ப்பதைத் திருக்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் தடுக்கிறது என்பதை எளிமையாகச் சொல்லிக் கொடுக்க இது நல்ல தருணம்.

6. பிள்ளை எதைச் செய்து பார்க்க முயலும்? மாடியிலிருந்து குதிப்பது, கயிற்றில் தொங்குவது, கழுத்தை நெரிப்பது ஆகியவை சிறுவர்கள் விளையாட்டில் உடனே வரும். உளவியலாளர் ஆல்பர்ட் பந்துராவும் அவருடைய குழுவினரும் 1960களின் தொடக்கத்தில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள் புகழ்பெற்றவை. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதை நேரில் பார்த்த குழந்தைகள் அதைப் பார்த்துச் செய்தார்கள். திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளும் அவ்வாறே செய்தார்கள்.

7. வில்லன் யார்? அவன் எந்த மொழி பேசுகிறான், என்ன உடுத்துகிறான், எந்த வழிபாட்டைச் செய்கிறான்?

ஏழாவது கேள்வி பற்றிச் சற்று விரிவாக

1994இல் வெளிவந்த ஜேம்ஸ் கேமரூனின் 'ட்ரூ லைஸ்' படத்தில் அணு ஆயுதத்துடன் மிரட்டும் கும்பல் அரபு முஸ்லிம்களாகக் காட்டப்பட்டது. அமெரிக்க அரபு அமைப்புகள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தன. பேராசிரியர் ஜாக் ஷாஹீன் 900க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து, 2001இல் 'ரீல் பேட் அராப்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை அரபுகளை இழிவாகவே காட்டின என்பது அவருடைய முடிவு.

தமிழகத்தில் 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தைச் சுற்றி நடந்தது நம் நினைவில் இருக்கிறது. ஆப்கானிஸ்தான், அமெரிக்கா என்று விரியும் உளவாளிக் கதை அது. சான்றிதழ் 'யு/ஏ'. முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பு, மாவட்டங்களில் தடை உத்தரவு, நீதிமன்றம், பேச்சுவார்த்தை எல்லாம் கடந்து, சில காட்சிகளில் மாற்றங்களுடன் பிப்ரவரி 7 அன்று தமிழகத்தில் வெளியானது. படத்தைத் தடை செய்வது சரியா தவறா என்பதில் அன்று பல கருத்துகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சத்தத்தில், பத்து வயதுப் பிள்ளை பார்க்கக்கூடிய படமா இது என்ற எளிய கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எந்த நீதிமன்றமும் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோரே சொல்ல முடியும்.

இத்தகைய படத்தால் நம் பிள்ளைக்கு இரண்டு வகையில் பாதிப்பு வரலாம். ஒன்று, தன் பெயரையும் தொப்பியையும் பற்றி அதற்கே கூச்சம் வருவது. மற்றொன்று, உலகமே நமக்கு எதிரி என்ற கசப்பு வளர்வது. இரண்டும் வேண்டாம். அதே நேரம் நியாயமாகவும் இருப்போம். நம்மைத் தவறாகக் காட்டுவதை மட்டும் கண்டித்துவிட்டு, ரஷ்யர்களையோ சீனர்களையோ கறுப்பின மக்களையோ கூட்டமாக வில்லன்களாக்கும் படத்தை ரசித்துக்கொண்டிருந்தால், பிள்ளைகள் அதையும் கவனிப்பார்கள்.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம்

2011இல் வெளியான 'மிஷன் இம்பாசிபிள்: கோஸ்ட் புரோட்டோகால்' படத்தை இந்தக் கேள்விகளால் அளந்து பார்க்கலாம். துபாயின் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா கட்டடத்தில் டாம் குரூஸ் ஏறும் காட்சியால் நம் வளைகுடா வாழ் குடும்பங்களில் பலரும் அறிந்த படம். இயக்கியவர் பிராட் பேர்ட். 'த இன்கிரெடிபிள்ஸ்' போன்ற அனிமேஷன் படங்களைத் தந்தவர். அமெரிக்காவில் 'பிஜி-13', பிரிட்டனில் '12ஏ'.

மரணங்கள்: தொடக்கத்திலேயே ஓர் உளவாளி சுட்டுக் கொல்லப்படுகிறார். நாயகனின் மேலதிகாரி காருக்குள் சுடப்படுகிறார். குடும்பத்தைக் காக்கும் கட்டாயத்தில் எதிரிகளுக்கு உதவிய நிபுணர் ஒருவரும் கொல்லப்படுகிறார். இரத்தம் குறைவு. ஆனால் முதல் மரணத்துக்காக வருந்தும் ஒரு பாத்திரம் படம் முழுக்க வருகிறது. இது ஒரு நல்ல அம்சம்.

பழிவாங்குதல்: அந்த வருத்தத்தில் இருக்கும் பெண் உளவாளி, உயிரோடு பிடித்து வைத்திருக்க வேண்டிய கொலைகாரியைச் சண்டையின் முடிவில் உயரமான கட்டடத்தின் ஜன்னல் வழியே உதைத்துத் தள்ளிவிடுகிறாள். கோபத்தால் வேலை கெடுகிறது. பெரிய பிள்ளைகளுடன் பேசுவதற்கு ஏற்ற இடம் இது.

பெண்: மும்பையில் நடக்கும் விருந்துக் காட்சியில், ஒரு பணக்காரரிடம் இரகசியக் குறியீட்டைப் பெற அதே பெண் உளவாளி அவரை மயக்க அனுப்பப்படுகிறாள். எல்லை மீறிய காட்சி இல்லை என்றாலும் ஆடையும் நோக்கமும் நமக்கு உவப்பானவை அல்ல. முடிவில் குழுவினர் மது அருந்தும் காட்சியும் உண்டு.

பார்த்துச் செய்தல்: புர்ஜ் கலீஃபா காட்சிதான் பிள்ளைகளின் மனத்தில் நிற்கும். குரூஸ் உண்மையாகவே அந்தக் கட்டடத்தில் ஏறினார். ஆனால் அவர் உடலில் பாதுகாப்புக் கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. பின்னர் கணினி மூலம் அவை படத்திலிருந்து அழிக்கப்பட்டன. இதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வில்லன்: அணுப்போர் மூண்டால்தான் மனிதகுலம் அடுத்த நிலைக்கு முன்னேறும் என்று நம்பும் ஓர் ஐரோப்பிய அறிவாளி. கதையின் ஒரு பகுதி துபாயில் நடந்தும் அரபு பயங்கரவாதி என்ற வழக்கமான அச்சு இதில் முதன்மை வில்லனாக இல்லை.

நம் மதிப்பீடு: 10 வயதுக்குக் கீழே வேண்டாம். 13 வயதுக்கு மேற்பட்டவர்கள் பெற்றோருடன் பார்த்து, பிறகு பேசலாம். இடைப்பட்ட வயதில் பிள்ளையின் இயல்பைப் பொறுத்தது. இரவில் பயந்து எழும் பிள்ளைக்கும் குதித்துப் பார்க்கும் பிள்ளைக்கும் காத்திருப்பதே நல்லது. விருந்துக் காட்சியின் காரணமாக முழுப் படத்தையும் ஒதுக்கும் குடும்பங்களின் முடிவும் நியாயமானதே.

வயது வாரியாக

ஏழு வயதுக்குக் கீழே கற்பனையையும் நடப்பையும் பிரித்தறியும் திறன் முழுமையாக வளர்ந்திருக்காது. இந்த வயதில் துப்பாக்கி உள்ள உளவாளிக் கதைகளே தேவையில்லை. துப்பறியும் புதிர்க் கதைகளைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

8 முதல் 11 வரை உள்ளவர்களுக்கு, பிள்ளைகளுக்கென்றே எடுக்கப்பட்ட உளவாளிப் படங்களைத் தேடலாம். 2001இல் வந்த 'ஸ்பை கிட்ஸ்' அவற்றில் ஒன்று. கடத்தப்பட்ட தாய் தந்தையை அக்காவும் தம்பியும் மீட்கும் கதை. சான்றிதழ் 'பிஜி'. அதையும் ஒருமுறை நாம் பார்த்துவிட்டே காட்டுவது நல்லது.

12 முதல் 15 வரை உள்ளவர்களிடம் "வேண்டாம்" என்பது மட்டும் எடுபடாது. காரணம் சொல்ல வேண்டும். உடன் அமர்ந்து பார்க்க வேண்டும். 16க்கு மேல், அவர்களே இந்த ஏழு கேள்விகளையும் கேட்டு முடிவெடுக்கப் பழக்குவோம். நாம் அருகில் இல்லாத விடுதி அறையில் அவர்களுக்கு அதுதான் துணை.

முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி?

'காமன் சென்ஸ் மீடியா' என்ற தளம் வயது வாரியாகப் படங்களை மதிப்பிடுகிறது. 'ஐஎம்டிபி' தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோர் வழிகாட்டிப் பகுதி உண்டு. எந்தக் காட்சியில் என்ன வருகிறது என்று பார்வையாளர்களே எழுதியிருப்பார்கள். பிரிட்டன் தணிக்கை அமைப்பின் தளமும் காரணங்களை விளக்குகிறது. இவை பயனுள்ளவை. ஆனால் அவர்கள் சாதாரணமாகக் கடந்து செல்லும் மது அருந்தும் காட்சி நமக்குச் சாதாரணம் அல்ல. அதனால் அவற்றைத் தகவலுக்குப் பயன்படுத்துவோம். முடிவை நாம் எடுப்போம்.

ஏற்கெனவே பார்த்துவிட்டால்?

திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் பார்ப்பார்கள். "உனக்கு எந்த இடம் பிடிச்சுது? எந்த இடம் ஒரு மாதிரியா இருந்துச்சு?" என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். பிறகு பேசாமல் இருந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

அந்த ஒன்பது வயதுச் சிறுவனின் தந்தை அப்படித்தான் செய்தார். மகனை அருகில் அமர்த்தி, "நீ பார்த்த ஆளுங்கள்ல யாரெல்லாம் தொழுறாங்க?" என்று கேட்டார். சிறுவன் விரல் விட்டு எண்ணினான். தாத்தா, பெரியப்பா, மருந்துக்கடை மாமா, பள்ளிவாசலில் மிட்டாய் கொடுக்கும் பெரியவர். "இவங்கள்ல யாராவது கெட்டவங்களா?" என்றார். "இல்ல" என்றான். "அப்ப அந்தப் படம் எடுத்தவருக்கு இவங்க யாரையும் தெரியாது போல" என்றார் தந்தை. சிறுவன் சிரித்துவிட்டான்.

ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படுவோம் என்பது நாம் அறிந்ததே. நம் பிள்ளைகள் பார்ப்பவற்றுக்கும் அந்தப் பொறுப்பு பொருந்தும். சான்றிதழ் தரும் வாரியத்துக்கு நம் பிள்ளையைத் தெரியாது. நமக்குத் தெரியும். இந்த விடுமுறையில் பூட்டைப் போடுவோம், படத்தை முதலில் நாம் பார்ப்போம், பிறகு பிள்ளைகளுடன் அமர்ந்து பேசுவோம்.